அறுபது கிலோ மனிதர்

கால் கிலோ போதும் என்றேன்.
குணேஸ்வரி சுளகோடு நின்றாள்.
"கால் கிலோவா? லேப்பில எத்தின பேர்கா?"
சமைக்க இல்லை, சோதிக்க.
"சோதிக்கிறாக்களுக்கும் வயிறு இருக்கும்தானே"
என்று மூன்று சுண்டு அள்ளிப் போட்டாள்.
பையின் வாய் மூடவில்லை.

மகிழடித்தீவு. வீடு இலக்கம் பதினேழு.
ஆட்டக்காரி, சிவப்பு. பெரும்போகம். சொந்த வயல்.
ஒட்டுச் சீட்டில் இவ்வளவுதான் இடம்.

விடிய வாவியில் பட்ட செல்வன் இரண்டு
ஐஸ் பெட்டிக்குள் படுத்துக் கிடந்தன,
கண் இன்னும் கலங்காமல்.
வேலியோரத்துப் பொன்னாங்காணியை
ஈரத்துணியில் சுற்றினேன்.
கிணற்றுத் தண்ணீர் அரைப் போத்தல்.
ஒரு வீட்டின் மத்தியானத்தைத்
துண்டு துண்டாகப் பெயர் எழுதி
எடுத்துக்கொண்டு போகிறவள் நான்.

பிறகு கேள்விகள்.
ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சோறு?
"கிராமா?
ரெண்டு சுண்டு போட்டா அஞ்சு பேருக்கு.
அடியில ஒட்டிக் கிடக்கிறது எனக்கு."
ஒட்டிக் கிடக்கிறது எத்தனை கிராம்?
அந்தக் கட்டத்தில் பேனை நின்றது.

ஆசனிக்கு, காட்மியம் என்று சொல்லவில்லை.
உலோகம் என்றேன்.
"சோத்துக்குள்ள இரும்பா? நல்லந்தானே.
ரத்தத்தில இரும்பு குறைவெண்டு
மிஸ்ஸி குளிசை தந்தவ."
அது இல்லை, இது வேற.
கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது.
"அப்ப ஆருக்குத் தெரியும்?"

நல்லாக் கழுவுங்க,
கூடத் தண்ணி விட்டுக் கஞ்சிய வடிச்சு ஊத்துங்க,
கொஞ்சம் குறையும் என்றேன்.
அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.
"ஊத்திறதா?
காலையில நான் குடிக்கிறது அதைத்தானே புள்ள."

லேப்பில் ஆட்டக்காரியை உலர்த்தி அரைத்தேன்.
நைத்திரிக் அமிலம் விட்டதும்
செம்மஞ்சள் புகை எழுந்தது.
நிறம் போய், மணம் போய், போகம் போய்,
தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று
குழாயின் அடியில் மிஞ்சியது.
இயந்திரம் அதை உறிஞ்சிவிட்டு
ஓர் எண்ணைத் துப்பியது.

எண்ணைப் போட எங்களிடம் சூத்திரம் உண்டு.
சூத்திரத்துக்குள் ஒரு மனிதர் குடியிருக்கிறார்.
அறுபது கிலோ.
எழுபது வயதுக்கு முன் சாக மாட்டார்.
எல்லா நாளும் ஒரே அளவு சாப்பிடுவார்.
அவருக்கு விரதமில்லை, மார்கழி வெள்ளமில்லை,
கடனுக்கு வாங்கிய அரிசியுமில்லை.
குணேஸ்வரியின் சோற்றை அவர் சாப்பிட்டால்
பூச்சியம் தசம் எட்டு மூன்று.
ஒன்றுக்குக் கீழே.
ஆபத்தில்லை.

அவள் தராசில் ஏறியபோது
செருப்பைக் கழற்றவில்லை,
கூடக் காட்டட்டும் என்று.
நாற்பத்து மூன்று.
அதைப் போட்டேன்.
ஒன்று தசம் ஒன்று ஆறு.

அடியில் ஒட்டிக் கிடப்பது நினைவு வந்தது.
சோற்றைப் பாதியாக்கினேன்.
பூச்சியம் தசம் ஐந்து எட்டு.
அவளைப் பச்சைக் கட்டத்துக்குள்
இழுத்துக்கொண்டு வந்து விட்டது பசி.
திரையில் பார்க்க ஆறுதலாயிருந்தது.
ஒரு நிமிடம் உண்மையாகவே ஆறுதலாயிருந்தது.
அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசிப் பொடியன் பதின்மூன்று கிலோ.
முதல் அகப்பை எப்போதும் அவனுக்குத்தான்.
அவனுடைய வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது.
நாளைக்குப் போடுவேன்.

பையில் ரெண்டரைச் சுண்டு மிச்சம்.
விதிப்படி அதை எறிய வேண்டும்.
விடுதி அடுப்பில் உலை வைத்தேன்.
மூன்று தரம் கழுவினேன், கூடத் தண்ணீர் விட்டேன்,
சொன்னபடியே எல்லாம் செய்தேன்.
நான் ஐம்பத்தாறு கிலோ.

வடித்த கஞ்சி
இளஞ்சிவப்பாய்க் கோப்பையில் ஆவி விட்டது.
தொட்டியடிக்குக் கொண்டு போனேன்.
ஊற்றவுமில்லை, குடிக்கவுமில்லை.
கை சுடச் சுட
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.