விசை இல்லாத எழுத்து

கமிட்டி அறையின் தட்டச்சுக்காரி நான்.
கருத்துச் சொல்வது என் வேலை இல்லை.
யார் என்ன சொன்னாலும்
காகிதத்தில் இறக்கிவிட்டு
கார்பன் தாளை உருவிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அன்று பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
சமவெளி முழுக்கப் பனி.
மசோதாவின் பெயரே மூன்று வரி நீளம்:
ஹிஸ்பானிக் குடிமக்களின் நலத்துக்கும்
தொழில் வளர்ச்சிக்கும்
அரசு முகமை ஒன்று அமைப்பது பற்றி.
வாசித்து முடிப்பதற்குள்
இரண்டு செனட்டர்கள் காப்பிக்குப் போய்விட்டார்கள்.

சாட்சி எண் நான்கு. ரொட்டிக் கடைக்காரி.
ரெஃபூஹியோ சூஞிகா என்றாள்.
அந்த ‘ஞ’வுக்கு
எழுத்தின் தலையில் ஓர் அலை வேண்டும்.
என் இயந்திரத்தில் அலை கிடையாது.
சூனிகா என்று அடித்தேன்.
அவள் என் விரல்களைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

எத்தனை காலமாக இந்த நாட்டில் இருக்கிறீர்கள்
என்று கேட்டார் ஒருவர், மரியாதையாகத்தான்.
தண்டவாளத்தின் ஓரம் கழற்றிப் போட்ட
சரக்குப் பெட்டியில் பிறந்தேன், ஐயா.
அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில்
என் அப்பாவும் ஒருவர்.
வேண்டுமானால் பெட்டியின் எண்ணைத் தருகிறேன்.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம்.
போட்டேன்.

பிறகு செனட்டர் ஓர்வில் டெங்லர்.
கோதுமை மாவட்டத்துக்காரர்.
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்,
என் அம்மாவின் சாவுக்கு வந்தவர்.
ஒரே மாநிலம், ஒரே கதவு;
ஆளுக்கொரு கதவு வைத்தால்
சுவர் எங்கே மிஞ்சும், என்றார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
ஓரமெல்லாம் மாவு.
அந்த ஒரே கதவில், தொழில்கடன் அலுவலகத்தில்,
பதினோரு தடவை நின்றேன்,
இரண்டாவது அடுப்பு வாங்க.
தேதி சொல்லட்டுமா?
மார்ச் ஒன்பது. அதிகாரி விடுப்பில்.
ஏப்ரல் இரண்டு. ஜாமீன் கேட்டார்கள்.
ஏப்ரல் பதினாறு. ஜாமீன்காரர் பெயரும்
என் பெயரைப் போலவே இருக்கிறதே என்றார்கள்.

ஏழாவது தேதியில் சிவப்பு விளக்கு எரிந்தது.
நேரம் முடிந்தது என்றார் தலைவர்.
மீதி நாலு தேதிகள் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை,
தேடாதீர்கள்.
அவள் அவற்றை முணுமுணுத்தபடியே இறங்கிப் போனாள்.
எனக்குக் கேட்டது.
முணுமுணுப்பை அடிக்க விதி இல்லை.

இரண்டு வாக்கில் பிழைத்தது மசோதா.
கேட்ட பணத்தில் பாதியை
நிதிக் குழு மென்று விழுங்கியது.
அறுவடை முடிந்த பிறகு முகமை பிறந்தது,
நிலவறையில், கொதிகலன் அறைக்கு அடுத்து.
இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி,
கோடையில் பீட்கிழங்கு வயல்
குளிரில் சட்டக் கல்லூரி என்று வளர்ந்த
இயக்குநர் அனக்லேத்தோ பராஸா,
இடமாற்றமாகி வந்த நான்,
நான் தூக்கி வந்த அதே இயந்திரம்.

முதல் கோப்பு யாருடையது என்று சொல்ல வேண்டுமா?
பராஸா சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்து
பெயர் வந்த இடத்தில் நின்றேன்.
பேனாவை எடுத்து
எழுத்தின் தலையில் சின்னதாய் ஓர் அலை.
மை கொஞ்சம் பரவிவிட்டது.
மீசை முளைத்திருக்கிறது என்றார்.
மூன்று கார்பன் பிரதிகளிலும் முளைக்க வைத்தேன்.

கடிதம் திரும்பி வந்தது,
படிவம் முழுமையில்லை என்று.
மறுபடி அனுப்பினோம்.
பன்னிரண்டு, பதின்மூன்று.
இந்தத் தேதிகள் கோப்பில் இருக்கின்றன.

கொள்முதல் துறைக்கும் ஒரு விண்ணப்பம் போட்டேன்,
அலையோடு கூடிய ஒரே ஒரு விசைக்காக.
தேவைக்கான காரணம் எழுத
அரை அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.
அவள் பெயரை எழுதினேன், கையால்.
இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறதாம்.

கொதிகலன் இரைகிறது.
காலையிலிருந்து நாற்காலியில்
ஓர் இறைச்சிக்கூடத் தொழிலாளி,
முடிதிருத்தும் கடை திறக்கப் போகும் ஓர் இளைஞன்,
படிக்கட்டில் இன்னும் சிலர், கோட்டைக் கழற்றாமல்.

பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று
முதலில் கேட்கிறேன்.
பேனாவை அவர்கள் பக்கம் நகர்த்துகிறேன்.