கடனாளி

எல்லோருக்கும் அது உவமை.
எனக்கு மட்டும்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

ஞாயிறு ஆராதனையில்
சபை ஒரே குரலாய் அந்த ஜெபத்தைச் சொல்லும்.
அப்பம் வரைக்கும் நானும் கூடவே போவேன்.
கடனாளிகள் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.
சோதனை வரும்போது மறுபடி சேர்ந்துகொள்வேன்.
ஒன்றரை வருஷமாய் ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.
கேட்க வேண்டியவர் கேட்டிருப்பார்.

வில்பிரட் சீட்டு பிடித்தான்.
களியல் சந்தையில் பாதிப்பேர் அவனிடம் சீட்டு.
சீட்டு முறிந்தபோது
ஷைனியின் நர்சிங் படிப்பு அதோடு போயிற்று.
வளையலை விற்றேன். ஆட்டை விற்றேன்.
வீட்டுக்காரர் விட்டுப்போன பைக்கை,
இருக்கைக்கு அடியில் அவர் மடித்து வைத்திருந்த
மழைக்கோட்டோடு சேர்த்து விற்றேன்.
எட்டவில்லை.
நர்ஸ் ஆக வேண்டியவள்
நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள்.

அவன் விளைக்கும் என் விளைக்கும் நடுவே
இடுப்பளவு கையாலை, அவ்வளவுதான்.

அன்றைக்கு எட்டு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது.
என் ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை உண்டு,
கடன் வாங்கிக் கட்டியது.
அவன் மரங்கள் வெறும் மேனி.
கூலிக்கு வெட்டுகிறவன் வெட்டிவிட்டு
அடுத்த விளைக்குப் போய்விட்டான்.
இருநூறு சிரட்டைப் பால்.
ஒரு மழை போதும்.
வலது கையில் மாவுக்கட்டு,
இடது கையில் வாளி,
மரத்துக்கு மரம் வில்பிரட் ஓடுவதை
கையாலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன்,
இனித்தது.
என் கணக்கு நோட்டு
வானத்துக்கும் தெரிந்திருக்கிறதே என்று.

முதல் துளி நெற்றியில் விழுந்தது.
அதற்கப்புறம் நடந்ததை
மன்னிப்பு என்று சொல்ல எனக்குக் கூச்சம்.
பால் வீணாகிறதே என்று கைக்குத் தோன்றியது.
இருபது வருஷமாய்ச் சிரட்டை கவிழ்க்கிற கை.
கையாலையைத் தாண்டியது அதுதான்,
நான் பின்னால் போனேன்.

“மைனி...” என்றான்.
“பேசாம மேல்வரிசய எடு” என்றேன்.

ஒவ்வொரு சிரட்டையையும் விரலால் வழித்து ஊற்றும்போது
மனசுக்குள் ஒரு வசவு.
எண்பதாவது மரத்தில் வசவு தீர்ந்துபோனது.
மரம் தீரவில்லை.

நூற்றைம்பது எடுப்பதற்குள் மழை இறங்கிவிட்டது.
மிச்சம் தண்ணீரோடு போயிற்று.
புகைப்புரையின் இறவாரத்தில் ஒதுங்கி நின்றோம்.
அவன் கட்டிலிருந்து மாவு கரைந்து
முழங்கை வழியே வெள்ளையாய் ஒழுகியது.

“மைனி, அந்தப் பணம்...”
“தரணும்.”
“தருவேன்.”
“தரணும்.”

வீட்டுக்கு வந்து நோட்டைக் கிழிக்கவில்லை.
அது ஷைனியின் கணக்கு,
கிழிக்க எனக்கென்ன உரிமை.

மறுநாள் விடிய வெட்டப் போனால்
கோபம் அதே இடத்தில் உறைந்து கிடந்தது,
நேற்றைய வெட்டில் ஒட்டுப்பால் போல.
உரித்த பிறகே கத்தி வைக்க முடிந்தது.
ஒட்டுப்பாலையாவது எடைக்குப் போடலாம்.
இதை யார் வாங்குவார்?

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தது.
பாதி சொன்னேன்.
பக்கத்தில் எஸ்தர்ரோஸ் திரும்பிப் பார்த்தாள்,
புதிதாய் ஒரு குரல் கேட்டதுபோல.
மீதிப் பாதி தொண்டையில் நின்றது,
முன்வரிசையில் அவன் பிடரி தெரிந்ததால்.

இரவு ஷைனி கூப்பிட்டாள்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
“அவிய பணத்தத் தந்தாச்சா அம்மா?”
“இல்ல.”
“பின்ன எதுக்கு அவியளுக்க பால எடுக்கப் போனிய?”

வசனம் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
ஒன்றும் வாயில் வரவில்லை.

“மழ வந்துட்டு மக்களே” என்றேன்.