எட்டாம் பகுதி

திங்கள், புதன், வெள்ளி.
மதியம் ஒன்றரைக்கு ஊசி ஏறும்,
இரண்டு மணிக்கு நாடகம், மறு ஒளிபரப்பு.
ஹாச்சினோஹே ரயில் நிலையத்துக்குப் பின்னால்
இந்த டயாலிசிஸ் கிளினிக்கில் கட்டில்கள் ஒன்பது,
கட்டிலுக்கொரு சின்ன டிவி,
ஒன்பதிலும் ஒரே சானல்.
இயர்போன் ஒரு காதுக்கு மட்டும்.
மற்றக் காது,
பக்கத்துக் கட்டில் திட்டுவதைக் கேட்க.

செவ்வாய், வியாழன் பகுதிகளை
அவரவர் வீட்டில் தனியாகப் பார்த்து
சொல்ல ஆளில்லாத கருத்துகளை
உடம்பில் சேர்ந்த தண்ணீரோடு சுமந்து வருவோம்.
எடை பார்க்கும் இயந்திரம்
தண்ணீரை மட்டும்தான் காட்டும்.

ஊசி குத்திய கை அசையக் கூடாது.
நடிகர்களை நாங்கள்
முகவாயால் சுட்டிக்காட்டுவோம்.

மூன்றாம் கட்டில் நுகுமிசு சான்
முப்பது வருஷம் சிப்பி உரித்தவர்.
கதாநாயகன் குஸெ தொமொயாவை
முதல் நாளே உரித்துவிட்டார்:
"காமிரா எந்தப் பக்கமோ
அந்தப் பக்கக் கண்ணில்தான் இவனுக்கு அழுகை.
இன்னொரு கண்ணுக்குச் சம்பளம் பேசவில்லை போல."

தொகாஷி தபால்காரராக இருந்தவர்.
"செத்துப்போன அண்ணன் எழுதின கடிதம்.
அதை இப்படியா கிழிப்பான், உறையோடு குறுக்கே?
ஆடிப் பாடிக்கொண்டிருந்த பையனைப் பிடித்து
நடி என்றால்."

நான் டாக்சி ஓட்டியவன்.
என் வருத்தம் வேறு:
இவர்கள் இறங்கும்போது மீதிச் சில்லறை வாங்குவதேயில்லை.
அப்புறம் அந்த மழை.
முக்குக்கு முக்கு குடை விற்கிற ஊரில்
காதலி பிரியும் நாளில் மட்டும்
இவனுக்கொரு குடை அகப்படாது.

இனாமுரா சிஹொவை ஒருவரும் தொடமாட்டோம்.
கதவைப் பார்த்து நிற்பாள்.
நமக்கு முதுகுதான் தெரியும்.
அந்த முதுகு முதலில் கோபப்படும்,
சற்றுப் பொறுத்து மன்னிக்கும்.
"இவள் நடிகை" என்பார் நுகுமிசு சான்.
சென்டாயில் இருக்கும் தன் மகளை
அந்தக் குரலில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று புதன். வெளியே பனி.
குஸெ தொமொயா அண்ணனின் அறைக்குள் வருகிறான்.
வசனம் இல்லை, இசை இல்லை.
அலமாரியில் ஒரு டம்ளர் எடுக்கிறான்,
குழாயைத் திறக்கிறான்,
குடிக்கிறான்.

நிறுத்தாமல்.
தொண்டை ஏறி இறங்க, ஏறி இறங்க.

ஒன்பது கட்டிலிலும் பேச்சில்லை.
ரத்தம் சுற்றும் பம்புகளின் சத்தம் மட்டும்.
ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்த குவளையில்
மாத்திரைக்கு ஒரு வாய், சோற்றுக்கு ஒரு வாய்,
ராத்திரி நாக்கு ஒட்டினால்
ஒரு ஐஸ் கட்டி, அதுவும் கணக்கில்.
பதினாலு வருஷமாக இந்தக் கணக்கு
நுகுமிசு சானுக்கு.

"நன்றாக நடிக்கிறான்" என்றார் மெதுவாக.
"நடிப்பில்லை, தாகம்" என்றார் தொகாஷி.
"ஆறு முறை திருப்பி எடுத்திருந்தால்
ஆறு டம்ளர்" என்றேன் நான்,
சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அவன்
டம்ளரை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தான்.
அடியில் இரண்டு விரல் மீதம்.
அதை
தொட்டியில் கொட்டினான்.

"கொட்டிட்டான்!"
அவர் எழுந்த வேகத்தில்
மூன்றாம் கட்டில் இயந்திரம் அலறியது,
சிவப்பு விளக்கு, நர்ஸ் ஷிமொயாமாவின் ஓட்டம்,
"கையை நீட்டுங்கள், கையை நீட்டுங்கள்",
தொகாஷி படுத்தபடியே யாரையோ,
இயக்குநரையோ, தொலைக்காட்சி நிலையத்தையோ,
கெட்ட வார்த்தை சொல்லி ஏசினார்.
நானும் கத்தினேன். என்ன கத்தினேனென்று தெரியாது.

எல்லாம் அடங்கி நிமிர்ந்தபோது
பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் செருப்பு அலமாரியருகே கேட்டேன்:
"கொட்டின பிறகு அழுதானே, எந்தக் கண்?"
ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் உறையுமாக
நுகுமிசு சான் அப்படியே நின்றார்.

எங்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.