இரண்டு விசில்

தட்டில் ஐந்து நிறம் இருக்கட்டும் என்றார்
பெரிய ஆஸ்பத்திரியின் பெர்சிஸ் மேடம்,
ஒரு வட்டம் வரைந்து நாலாய்க் கிழித்து
சோற்றுக்குக் கால்வாசிதான் என்று காட்டி.
பிறகு, தினம் பத்து நிமிஷம்
கண்ணை மூடிச் சும்மா இருங்கள் என்றார்.
சோற்றைக் குறைப்பதுகூடப் பரவாயில்லை.
இருபத்திரண்டு வருஷமாய்
ஓடுகிற வண்டிக்குள் நின்றே பழகியவனிடம்
சும்மா இருக்கச் சொன்னால்?

என் நிறங்கள் எனக்குத் தெரியும் மேடம்:
இட்லி வெள்ளை, சோறு வெள்ளை,
ஆற்காடு ரூட்டில் ஓடிய ஆறு வருஷமும்
மக்கன் பேடாவின் மாநிறம்.
ஆம்பூர் பிரியாணி வாங்கிய நாளில்
ஓரமாய் ஒதுங்கியிருந்த கத்திரிக்காய்த் தொக்கை
இலையோடு மடித்து எறிந்தவன் நான்.

இப்போது ஒடுகத்தூர் வண்டி.
விடியற்காலை, இலவம்பாடிக்காரிகள் ஏறும் இடத்தில்
கூடைகள் முதலில் ஏறும், ஆட்கள் பிறகு.
பவுனம்மாவுக்கு டிக்கெட் இல்லை,
அவள் கூடைக்கு உண்டு.
சாக்கை விலக்கினால் முள்ளுக் கத்திரிக்காய்,
இருட்டு இன்னும் முழுசாய் விட்டுப் போகாத நிறம்.
காம்பில் கை வைத்தவனைக்
கொஞ்சம் கடித்துவிட்டுத்தான் விடும்.
அதன் மேலே தண்டுக்கீரை, தண்டு மட்டும் சிவப்பு.
கீற்றுப் போட்ட பறங்கியின் மஞ்சளுக்கு
வண்டி விளக்கைவிட வெளிச்சம் அதிகம்.
இத்தனை வருஷமும் இவற்றுக்கெல்லாம்
லக்கேஜ் என்று ஒரே பெயர் போட்டிருக்கிறேன்.

"இன்னாத்துக்கு இப்படி உத்து உத்துப் பாக்கற,
துன்னப் போறியா?"
"டாக்டர் சொன்னாங்க."
"அரிப்பு எடுக்கும்னு எங்க ஊட்டுக்காரரே
தொட மாட்டாரு" என்று சிரித்து
ரெண்டு காயை என் காசுப் பைக்குள் போட்டாள்.
அன்று மீதி கேட்டவர்க்கெல்லாம்
விரலில் முள்ளோடு எடுத்துக் கொடுத்தேன்.

கோமளா அதைச் சுட்டுப் பிசைந்தாள்.
கேழ்வரகுக் களி பக்கத்தில் குந்தியிருந்தது.
சுட்டதும் ஊதா எங்கேயோ போய்விட்டதே,
ஐந்து நிறம் எங்கே என்றேன்.
"தக்காளி ஒண்ணு, கீரை ரெண்டு,
களி மூணு, காய் நாலு.
உன் மூஞ்சி அஞ்சு. துன்னு."

பத்து நிமிஷத்துக்கான இடம்
டிப்போவில் கிடைத்தது, டயர் கிடங்குக்குப் பின்னால்,
கழற்றிப் போட்ட மூவர் இருக்கை.
எதிரே மொட்டை மலை,
நேற்றைய வெயிலை இன்னும் திருப்பித் தராமல்.
கண்ணை மூடினேன்.
மூடியதும் ஏறினார்கள்:
சொசைட்டி கடன், மகனின் அரியர்,
கணக்கில் குறைந்த முப்பத்தாறு ரூபாய்.
படிக்கட்டில் தொங்கிக்கொண்டு நைனா,
பெருவிரல் எடுத்த வலது காலை
காற்றில் நீட்டியபடி.
உள்ள வா, உள்ள வா என்று கத்துகிறேன்.
அவர் மட்டும் எப்போதும்
படியைவிட்டு மேலே வரமாட்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
மூச்சை எண்ணச் சொன்னதை மறந்து
மனசுக்குள் ஊதத் தொடங்கினேன்.
உள்ளே வரும் மூச்சுக்கு ஒரு விசில்: நில்.
வெளியே போகும் மூச்சுக்கு இரண்டு: போகலாம்.
நில்.
போகலாம்.
யாரையும் இறக்கிவிடவில்லை.
யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.
கடன் ஜன்னலோரம் தூங்கிவிட்டது.
முப்பத்தாறு ரூபாய் எங்கே இறங்கியதோ.
நைனா படியிலேயேதான்,
வேட்டி படபடக்க.
கத்தவில்லை நான்.
நில்.

"யோவ், தூங்கிட்டியா?"
டிரைவர் சம்பங்கி, கையில் ரெண்டு டம்ளர்.
சர்க்கரை போடாத டீ.
குடிக்குமுன் அதன் நிறத்தைப் பார்த்தேன்.
எப்போதாவது வந்தால் பாலாறு
முதல் நாள் இந்த நிறத்தில்தான் வரும்.
"அதுல இன்னாய்யா தெரியுது,
டைம் ஆச்சு, வா."

பையை மாட்டிக்கொண்டு
உள்ளே கை விட்டேன்.
சுருக்கென்றது.
நாணயங்களுக்கடியில்
இன்னும் ஒரு முள் இருக்கிறது.