இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிசெக்கன்

வாசலுக்கு ஆறு படி.
ஆறு இரண்டாவது படியில்.
நவ்ஷாத் டோர்ச்சோடு வெளியே நிற்கிறான்.
களனி கிராண்ட்பாஸுக்குள் வந்த இரவு இது.

எங்கள் ராக்கில் ஓர் இரத்த வங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.
நிறுத்தக் கூடாது. நிறுத்தாமலே மாலபேக்கு அனுப்ப வேண்டும்,
ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்கு
ஆளை மாற்றுவது மாதிரி,
ஆளுக்கே தெரியாமல்.

அறுபத்து நாலு ஜிகாபைட் நினைவு.
நாலு நாலு கிலோவாய் நறுக்கினால்
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் பக்கம், சில்லறை தனி.
ஒரு பக்கத்தை அனுப்பித் திரும்புவதற்குள்
அதே பக்கத்தில் அது மறுபடி எழுதிவிடுகிறது:
ஓ நெகட்டிவ், இரண்டு பை, அவசரம்.
அழுக்கான பக்கம் என்போம் எங்கள் தொழிலில்.
என்ன பேர் வைத்தார்களோ.

செக்கனுக்கு நூற்றுப்பத்து மெகா போகிறது.
நூற்று நாற்பது புதிதாய் எழுதப்படுகிறது.
ஓட்டைத் தோணியில் சிரட்டையால் இறைக்கிற கணக்கு.

"மூணு" என்றான் நவ்ஷாத்.

கேபிளை இந்நேரம் யார் அகலமாக்குவது?
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவையும்
இதுவரை ஒருவரும் அகலமாக்கவில்லை.
ஆனாலும் விடியுமுன் லொறி நிறைகிறது.
நாட்டாமிகள் செத்தல் மிளகாய்ச் சாக்கில் ஏறி மிதித்து
மூன்றை ஒன்றாக்குகிறார்கள்.
ஒருவன் மட்டும் மிதித்தால் லொறி காத்துக் கிடக்கும்.
எட்டுப் பேர் மிதித்தால்
சாக்குதான் லொறிக்குக் காத்துக் கிடக்கும்.

நாற்பது கோரில் முப்பது சும்மா இருந்தன.
எட்டை எழுப்பினேன். எட்டு இழை.
அழுத்தம் ஒன்றாம் படியில்.
ஒன்பதில் வைத்தால் இன்னும் சிறுக்கும்,
சிறுத்து முடிவதற்குள் ஆறு உள்ளே வந்து
கதிரையில் உட்கார்ந்துவிடும்.
கச்சிதம் இன்றைக்கு வேண்டாம்.
கட்டு, தூக்கு.

வெற்றுப் பக்கங்களைக் கட்டவே இல்லை.
'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பினால் போதும்.
எத்தனை லட்சம் ஒன்றுமில்லைகள்!
பெரிய வங்கிதான், பாதி அலமாரி காலி.

மாலபேயில் இரேஷா. அங்கே பிரிப்பதற்கு இரண்டே இழை.
கட்டுவதுதான் பாடு, அவிழ்க்க என்ன.
போனில் "எனவா, எனவா" என்கிறாள்,
வருகிறது வருகிறது என்று,
ஹோல்ட்டில் நின்று நூற்று முப்பத்தெட்டைப் பார்த்தவள் போல.

மின்விசிறிகள் கத்தத் தொடங்கின.
ஜெனரேட்டர் ஒரு மிடறு டீசல் கூடக் குடித்தது.
மிச்சம் இருபது. ஒன்பது. மூன்று.
"நாலு."
எது எந்தக் கணக்கு என்று ஒரு கணம் தடுமாறினேன்.

கடைசிக் கையளவுக்கு மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிசெக்கன்.
அவ்வளவு நேரமும்
இரத்த வங்கி கொழும்பில் எங்குமே இல்லை.
கிராண்ட்பாஸில் நின்றுவிட்டது,
மாலபேயில் தொடங்கவில்லை.
எங்கோ ஒரு வார்டில் இரவு வேலைக்காரி ஒருத்தி
என்டரைத் தட்டியிருப்பாள்.
திரை கொஞ்சம் யோசித்திருக்கும்.
அவள் கொட்டாவி விட்டிருப்பாள்.

"ஹரி" என்றாள் இரேஷா.

பழைய இயந்திரத்தை அணைக்க ஒரு படிவம் உண்டு,
வெள்ளத்திலும் உண்டு.
மூன்று மொழியில் அச்சடித்தது.
வேலையின் தன்மை என்ற இடத்தில்
தமிழில் மட்டும் என் கண் நின்றது: இடம்பெயர்வு.
அம்மா அந்தச் சொல்லைக் கப்பலில் படித்தவள்.
ஒரு பை. அதையும் கட்ட விடவில்லை.
அவள் போய்ச் சேர்ந்த இடத்தில்
ஒருவரும் "எனவா" என்று காத்திருக்கவுமில்லை.

வெட்டிவிட்டு எழுதினேன்: நகர்த்தல்.
கையெழுத்து, நேரம் 3.41.

நவ்ஷாத் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான்.
"அஞ்சு."
பொத்தானை அழுத்தினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
அதற்குள் அப்போது யாரும் இல்லை.
ஆனாலும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.