பிறந்த இடம் என்ற கட்டம்

கோப்பு முழுதாக வந்துசேர இரவு ஒன்று நாற்பது.
எண்பத்து மூன்று வீதத்தில் ஒருமுறை நின்றது.
மின்சாரம் கண்ணடித்தது,
யூபிஎஸ் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது,
பிறகு தானாகவே நகர்ந்தது.

நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து.
நாலே எழுத்துத்தான், மாறி மாறி.
ஏதோ ஒரு குளிர் தேசத்துச் சாக்கடையில்
யாரோ அள்ளிய ஒரு வாளித் தண்ணீரில் இருந்த உயிரி.
உயிரி என்று சொல்லலாமா என்பதில்
டொக்டர் கஜவதனனுக்குச் சந்தேகம்.
கிருமியைத் தின்னும்,
எனக்கு அது போதும்.

மேலே ஏழாம் வார்ட்டில் அருளப்பு,
பள்ளத்தோட்டத்துக்காரர்.
கெளிற்று முள் ஏறிய கால்
முழங்கால்வரை கறுத்துவிட்டது.
எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி.
வெள்ளிக்கிழமை காலை காலை எடுப்பதாகத் தீர்மானம்.
இது புதன் இரவு.

இந்தத் துறைமுகத்துக்கு எல்லாமே கப்பலில்தான் வந்தன:
பீரங்கி, கொடி, எண்ணெய், கோதுமை மா,
அம்மை நோய், அதற்கான ஊசியும்.
வருவது யாரென்று கோட்டையில் நின்றால் தெரியும்.
இது நங்கூரம் போடாமல் வந்தது.
சுங்கக்காரர் நல்ல நித்திரை.

பெட்டியை எங்களுக்குள் தையல் மெசின் என்போம்.
நாலு போத்தல், மயிர் தடிப்பில் குழாய்கள்.
ஒரு சொட்டு, ஓர் எழுத்து,
கழுவு,
இன்னொரு சொட்டு.
வாசிக்கத் தெரியாத ஒன்று
பிழையில்லாமல் எழுதுகிறது.

பிழையில்லாமல் என்றா சொன்னேன்?
மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு.
முப்பத்தோராயிரத்துப் பன்னிரண்டாம் இடத்தில்
ஒரெழுத்து மாறிக் கிடக்கிறது.
அந்தத் துண்டைக் கொட்டினேன். திரும்பக் கோர்க்கச் சொன்னேன்.
யன்னலுக்கு வெளியே
மருந்துப் போத்தல்கள் வந்த அட்டைப் பெட்டியை
இரண்டு புள்ளிமான்கள் மென்றுகொண்டிருந்தன,
கொழும்பு விலாசத்திலிருந்து தொடங்கி.

ஐந்தரைக்குப் படிவம்.
பொருளின் பெயர், அளவு, பொறுப்பேற்பவர்.
அடுத்த கட்டம் சிங்களத்தில் சரியாக இருந்திருக்கும்;
தமிழில் 'பிறந்த இடம்' என்று அச்சாகியிருக்கிறது.

என்னுடையதும் பிரதிதான்.
மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்த அன்று
மூலப்பத்திரம் அலுமாரியோடு போயிற்று.
பிறகு கச்சேரியில் முத்திரை குத்தித் தந்தார்கள்,
உண்மைப் பிரதி.
அதைக் காட்டித்தான் நிக்காஹ் எழுதினார்கள்,
அதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் வருகிறது.
மூலம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை,
நான் சில இரவுகளில் கேட்டிருக்கிறேன்.

குளிர் தேசத்தின் பெயரை எழுதினேன்.
வெட்டினேன்.
திருகோணமலை என்று எழுதினேன்.
வெட்டிய இடத்தில் சிறு கையொப்பம் வேண்டுமாம்:
ஹ. பரீதா.

சுண்டுவிரல் அளவு குப்பி.
உள்ளே தண்ணீர் மாதிரி, கலங்கல்கூட இல்லை.
ஐஸ் பெட்டியில் வைத்துப் படியேறினேன்,
லிஃப்ட் சித்திரையிலிருந்து வேலை செய்யவில்லை.

அருளப்பு முழித்திருந்தார்.
பெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.
"ஐசில கனநாள் கிடந்ததோ, புதுசோ?"
"இப்ப விடியத்தான் பிடிச்சது" என்றேன்.
"எந்தப் பக்கம்?"
நான் படிவத்தில் எழுதியதையே சொன்னேன்.

சிரிக்கவில்லை.
போர்வையை விலக்கி
காலை மட்டும் நீட்டினார்.