நாற்பத்தொன்றாம் மேடு

மலைநாட்டுக்காரி நான்.
லா பாஸில் பிறந்தவளுக்கு
உயரம் என்பது அண்ணாந்து பார்ப்பது.
மமொரே ஆற்றுச் சமவெளியில்
கணுக்காலால் பார்க்கச் சொன்னார்கள்:
முழங்கால் தண்ணீர் பாதத்துக்கு இறங்கினால்
அது மேடு.

யார் எடுத்த மேடு என்பதுதான் வழக்கு.
கரையான் எடுத்தது செங்குத்து.
ஆறு ஒதுக்கியது, பழைய கரையை விட்டுப்
பிரிய மனமில்லாமல் வளைந்து கிடக்கும்.
ஆள் எடுத்ததில் மொத்தாகூ பனை நிற்கும்,
துப்பிய வாய் மக்கிப்போன பிறகும்
துப்பிய கொட்டை விடாமல் முளைத்து.

துளைக்கோலை நானும் நசாரியா நோசாவும் சுற்றுவோம்.
களிமண்.
களிமண்.
பிறகு கருத்த மண், நத்தை ஓடு, மீன்முள்,
வரியோடிய துருவுசட்டியின் ஒரு சில்லு.
தலைவர் 'சடங்குத் தலம்' என்றெழுதிக்
கேள்விக்குறி போடுவார்.
"அடுப்படி" என்பாள் நசாரியா.
"தின்ற இடத்திலேயே கொட்டினார்கள்.
கொட்டியதன் மேல் உட்கார்ந்து
அடுத்த வேளை தின்றார்கள்."
அப்படியே எட்டு மீட்டர்.

நாற்பத்தொன்றுதான் எல்லாவற்றிலும் அழகு.
வட்டம் பிசகவில்லை. உச்சி தட்டை.
வான்படத்தில் அதைச் சுற்றி ஒரு நீர்வளையம்.
மூன்று இரவு தலைவர் வேறெதுவும் பேசவில்லை.
ஒரு மீட்டர் ஆழத்தில்
துளைக்கோல் கக்கியது
நீல ரப்பர்ச் செருப்பின் வார்.

கொசு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பண்ணைக்காரர் புல்டோசர் வைத்து அள்ளிப்போட்டது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."
கோலைத் துடைத்தபடியே சொன்னாள்:
"பெருவெள்ளத்தில் ஒன்பது நாள் இதன்மேல் இருந்தோம்.
பதினேழு மாடு, என் தங்கை, நான்,
ஒரு எறும்புத்தின்னி.
அது கடைசிவரை யார் முகத்தையும் பார்க்கவில்லை."

ஒருவர் எடுக்க ஒருவர் குடிபுகுவது
கரையானுக்கும் பாம்புக்கும் மட்டுமா என்ன.

படிவத்தில் மூன்று கட்டம்.
மனிதர் ஆக்கியதா?
ஆம்.
பயன்?
மூழ்காமல் இருப்பது.
பழமையானதா?
தலைவர் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்தார்.
பேனா சேற்றில் வழுக்கியது.
'இன்னும் இல்லை' என்று எழுதினேன்.

திரும்பிப் பார்த்தால்
நசாரியா அந்த வாரைக்
குழிக்குள்ளேயே போட்டு
மண்ணைத் தள்ளிக்
குதிகாலால் மிதித்துக்கொண்டிருக்கிறாள்,
நன்றாக, இறுக.